மேடைக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டுகள்

குணாளன் உயிரோடிருக்கிறானா இல்லையா என்பது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவனுடைய இடது காலை வைத்துத்தான் முடிவு செய்யப்பட்டு வந்தது. பசியாறிவிட்டு, பழைய அட்டைப்பெட்டி ஒன்றை விரித்துப் போட்டு, தன் காருக்கு, அவர்கள் பேச்சில் காடிக்கு, அடியில் புகுந்துவிடுவான். வெளியே தெரிவது இரண்டு கால்கள் மட்டும். சமையலறையிலிருந்து யோகேஸ்வரி பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, "இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பாள். இடது கால் இரண்டு முறை ஆடும். அவள் திரும்பிப் போய்க் குழம்பைக் கிளறுவாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. அந்தக் காடிக்கு வயது இருபத்திரண்டு. அதைத் தூக்கி நிறுத்தியிருந்தது நான்கு சிமெண்டுக் கற்களும் ஒரு ரப்பர் மரக்கட்டையும். கரங்கானிலிருந்து கூலிம் தொழிற்சாலைக்குக் காலை ஷிப்டுக்குப் போக பஸ் கிடையாது. காடி நின்றால் வேலை நிற்கும், வேலை நின்றால் மற்றதெல்லாம் நிற்கும். வர்க்‌ஷாப்காரர்களோ அந்தக் காடியைப் பார்த்ததுமே ஒரு பெருமூச்சு விட்டு, அதற்கும் சேர்த்துப் பில் போடுகிறவர்கள். குணாளன் எஸ்டேட் லோரிக் கொட்டகையில் ஐந்து வருடம் கைவேலை பார்த்தவன். ஆகவே தன் காடியைத் தானே பார்த்துக்கொண்டான்.

ஒரு ஞாயிறு அவன் தண்ணீர் குடிக்க உள்ளே வந்த நேரத்தில் ஒரு கல் இரண்டாகப் பிளந்தது. காடி தரையில் உட்கார்ந்த சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜெரார்ட் செபமாலையோடு வெளியே ஓடிவந்தார். அன்றைக்கு யோகேஸ்வரி கணவனின் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"ஸ்டாண்டு வாங்கி வெக்காம இனிமே அடியில ஒடம்ப விட மாட்டேன்னு சொல்லுங்க."

"விட மாட்டேன்."

"என் தல மேல சத்தியமா."

"சத்தியமா லா. கைய விடு, கிரீசு ஒட்டுது."

மறுவாரமே கூலிமில் ஒரு சீனர் கடைக்குப் போனான். கடை முதலாளியான தவுக்கே ஒரு சிவப்பு டிராலி ஜாக்கை உருட்டிக்கொண்டு வந்து காட்டினார். இரண்டு டன் தூக்கும். கூடவே இரும்பு ஸ்டாண்டு இரண்டு. மூன்று கால் விரித்து, பல் பல்லாய் ஏற்றி நிறுத்தும் வகை. மூன்றும் சேர்த்து விலை இருநூற்று அறுபது வெள்ளி. ஓவர்டைம் காசு பையில் இருந்தது. தவுக்கே அந்த வியாபாரத்தில் முப்பது வருடம் பழம் தின்று கொட்டை போட்டவர். ஜாக்கைத் தட்டிக்காட்டி, இது தூக்குவதற்கு, ஸ்டாண்டைத் தட்டிக்காட்டி, இது தாங்குவதற்கு, இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டவன் என் கடைக்கு மறுபடி வந்ததில்லை என்று மலாயில் சொன்னார்.

குணாளன் ஒரு கையில் ஸ்டாண்டோடு காசை எடுக்கும்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, அத கீழ வைங்க."

கரங்கான் வட்டார இந்தியர் எழுச்சிப் பேரவையின் செயலாளர் விக்னேஸ்வரன், கையில் ஒரு கோப்போடு நின்றான். மூன்று கடைகளில் விலைப்பட்டியல் வாங்க வந்தவன். முப்பத்தைந்து வயதிலேயே பேரவை அவனுக்கு ஒரு கோட்டும் இரத்த அழுத்தமும் கொடுத்திருந்தது.

"ஏன் தம்பி?"

"பேரவையில திட்டம் வருது அண்ணே. 'உயர்த்தும் கரங்கள்'. கைத்தொழில் தெரிஞ்சவங்களுக்குப் பாதி வெலயில சாமான். ஜாக்கு, ஸ்டாண்டு எல்லாம் லிஸ்டுல இருக்கு. தலைவர் டத்தோ கையாலயே குடுக்கறாரு."

"நல்லதுதான். நா இத இப்ப வாங்கிக்கறேன், ஞாயித்துக்கெழம வேல கெடக்கு."

"வாங்கிட்டா ஒங்களுக்குத் தகுதி போயிடும் அண்ணே. இல்லாதவங்களுக்குத்தான் திட்டம்."

குணாளன் ஜாக்கைப் பார்த்தான். பாதி விலை என்ற இரண்டு சொல்லுக்கு நம் ஆட்கள் இதுவரை கொடுத்த முழு விலையை யாரும் கணக்கெடுத்ததில்லை. அவன் காசை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். தவுக்கே ஜாக்கை உருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

பேரவையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அதற்கு ஒரு தலைவர், ஒன்பது துணைத்தலைவர்கள், பதினான்கு ஆலோசகர்கள், ஒரு மண்டபம், அதைக் கூட்டிப் பெருக்க ஒரு பகுதிநேர அம்மாள். தலைவர் டத்தோ காளிதாசன், செம்பனைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்துப் பெரிய ஆளானவர். யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்பார்களே, அதுபோல அவர் காடியிலிருந்து இறங்குவதற்குக் கால்மணி நேரம் முன்பே அவருடைய பட்டங்கள் ஒலிபெருக்கியில் இறங்கத் தொடங்கிவிடும். மேடையில் டத்தோ எழுந்திருக்கும் முன் எவரும் எழக்கூடாது. டத்தோ இறங்கும் முன் எவரும் இறங்கக்கூடாது. சட்டதிட்டத்தில் இது பதினேழாவது விதி. முந்தைய வருட ஆண்டுக்கூட்டத்தில் ஆறாவது துணைத்தலைவர் இந்த விதியைக் காப்பாற்றப் போய்த் தன் கால்சட்டையைக் காப்பாற்ற முடியாமல் போனார். அவருக்கு விசுவாச விருது கிடைத்தது.

திட்டத்துக்கான விண்ணப்பப் பொராங் ஒன்பது பக்கம். எட்டாவது பக்கத்தில் விண்ணப்பதாரரிடம் ஜாக் இல்லை என்பதற்குப் புகைப்படச் சான்று கேட்டிருந்தார்கள். விக்னேஸ்வரனே கேமராவோடு வீட்டுக்கு வந்தான்.

"ஜாக்கு இல்லாத எடத்துக்குப் பக்கத்துல நில்லுங்க அண்ணே."

"எந்த எடத்துலயும் இல்லையே தம்பி."

"அப்ப இங்கனயே நில்லுங்க. கைய நீட்டிக் காட்டுங்க. இதோ இல்லைங்கற மாதிரி."

குணாளன் வெறும் சிமெண்டுத் தரையை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு நின்றான். வாசலில் யோகேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் படம் திரும்பி வந்தது; ஓரத்தில் காடியோடு வந்த சின்னக் கைஜாக்கின் நுனி தெரிகிறதாம். இரண்டாவது படத்துக்குக் கற்களை நன்றாகத் தெரியும்படி அடுக்கி, கொஞ்சம் சோகமாகப் பார்க்கச் சொன்னான். அதில் குணாளனுக்குச் சிரமமில்லை. படம் நன்றாக வந்துவிட்டதால் பேரவை அதைப் பெரிதாக்கி, 'இந்த நிலை மாறும்' என்று எழுதி, மண்டப வாசலில் கட்டியது.

பிறகு பயிற்சி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அலோர் ஸ்டாரில் மெர்கோங் பக்கம் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் தன்முனைப்பு முகாம். போகாதவருக்குச் சாமான் கிடையாது. கற்கள்மேல் நின்ற காடியை இறக்கி நூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போனான். அங்கே ஊக்கப் பேச்சாளர் ஒருவர், காதோரம் மைக்கை ஒட்டிக்கொண்டு, அங்குமிங்கும் நடந்தபடி கேட்டார்.

"நண்பர்களே, உங்களிடம் ஜாக் இல்லை என்பது பிரச்சினையா? இல்லவே இல்லை. உங்கள் மனதில் ஜாக் இல்லை, அதுதான் பிரச்சினை. நான் காடி கழுவினேன். இன்று எனக்கு மூன்று காடி. ஜாக் இருக்கிறதா? எனக்கே தெரியாது. டிரைவரைத்தான் கேட்க வேண்டும். எல்லாரும் கண்ணை மூடுங்கள். இரண்டு கையாலும் உங்கள் காடியைத் தூக்குங்கள்."

நாற்பது பேர் கண்ணை மூடிக் கையை உயர்த்தினார்கள். குணாளனும் உயர்த்தினான். மூன்று நிமிடம் ஆயிற்று. தோள் வலித்தது.

"சார், தூக்கியாச்சு. ஸ்டாண்டு எப்ப வெக்கறது?"

பேச்சாளர் புன்னகைத்து, அது இரண்டாம் நாள் வரும் என்றார். இரண்டாம் நாள் டத்தோவின் பிறந்தநாள் விருந்து வந்தது. விருந்துச் சீட்டு, பயிற்சிக் கட்டணம், உறுப்பினர் சந்தா, பயனாளியின் பங்களிப்பு என்று குணாளன் அதுவரை கொடுத்தது கடைக்காரர் சொன்ன முழு விலையைத் தாண்டிவிட்டிருந்தது. அதை அவன் யோகேஸ்வரியிடம் சொல்லவில்லை.

வழங்கும் விழா மார்ச் மாதம் நடந்தது. பன்னிரண்டு பயனாளிகளில் மூவர் ஜாக் கேட்டவர்கள். வந்திருந்ததோ ஒரே ஒரு ஜாக், இரண்டு ஸ்டாண்டு. மற்ற இருவருக்கும் பெட்டி இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. படத்துக்குப் பெட்டி போதும், சாமான் அடுத்த கட்டத்தில் வரும் என்று விக்னேஸ்வரன் விளக்கினான். முழுசாகக் கிடைக்கப்போகிறவன் குணாளன் ஒருவன்தான். பெற்றுக்கொண்டேன் என்று முதலிலேயே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அவன் வெள்ளைச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். யோகேஸ்வரி அவனைவிடச் சந்தோஷமாக இருந்தாள். அவளுக்கு ஜாக்கைப் பற்றித் தெரியாது. இனி ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளாது என்பது தெரியும்.

டத்தோ மேடையேறினார். பின்னாலேயே ஒன்பது துணைத்தலைவர்களும் பதினான்கு ஆலோசகர்களும் ஏறினார்கள். பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. ஏழாவது பொன்னாடையின்போது மேடை முனகியது. ஒன்பதாவதில் முன்பக்கம் ஒரு சாண் இறங்கியது. மேடையைத் தாங்கிய உத்தரத்தின் கால்களைக் கரையான் அரித்திருந்ததை மண்டபம் பெருக்கும் மருதம்மாள் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் உறுப்பினர் இல்லை என்பதால் குறிப்பேட்டில் ஏறவில்லை.

விக்னேஸ்வரன் வியர்த்துப்போய் முன்வரிசைக்கு ஓடிவந்தான்.

"அண்ணே, ஒங்க ஜாக்கு."

"ஆமா, கூப்பிட்டா வரேன்."

"அதில்ல அண்ணே. மேட போவுது. அடியில வெச்சுத் தூக்கணும். ஒங்களுக்குத்தான் தெரியும்."

"எல்லாரையும் எறங்கச் சொல்லு தம்பி, அஞ்சு நிமிஷத்துல முடிச்சுடறேன்."

விக்னேஸ்வரன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். "டத்தோ இன்னும் பேசல அண்ணே. பேசாம எப்படி எறங்குவாரு?"

இப்படியாகக் குணாளன் வெள்ளைச் சட்டையோடு, பட்டுத் துணி தொங்கும் மேடைக்கு அடியில் தவழ்ந்து போனான். தன் பெட்டியைத் தானே பிரித்தான். உத்தரத்தின் நடுவில் ஜாக்கை வைத்து அடித்துத் தூக்கினான். இருபத்துநான்கு பெரிய மனிதர்களும் அவர்களுடைய பொன்னாடைகளும் மெல்ல மேலே போனார்கள். இரண்டு பக்கமும் ஸ்டாண்டைக் கொடுத்து நிறுத்தினான். தலைக்கு மேலே பலகைக்கு அப்பால் டத்தோவின் குரல் கேட்டது.

"அன்பான சமுதாய உறவுகளே. இந்த மேடையைப் பாருங்கள். சற்றுமுன் அசைந்தது. இப்போது அசைகிறதா? அசையாது. ஏனென்றால் நான் பேசத் தொடங்கிவிட்டேன். நம் மக்களைத் தூக்கிவிடுவது பேரவையின் கடமை. ஆனால் ஒன்று. தூக்கத்தான் எங்களால் முடியும். தாங்கிக்கொள்வது உங்கள் பொறுப்பு. எல்லாவற்றையும் தலைவனே செய்துகொண்டிருந்தால் தலைவன் எப்போது தலைவனாக இருப்பது?"

கைதட்டலில் தூசி கொட்டிக் குணாளன் கண்ணில் விழுந்தது.

வெளியே வந்தபோது அவன் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டு முடித்திருந்தார்கள். ஜாக்கைத் துடைத்து மறுபடி பெட்டியில் போட்டு டத்தோ கையிலிருந்து வாங்கிக்கொண்டான். ஸ்டாண்டைப் பற்றிக் கேட்டதற்கு விக்னேஸ்வரன் குரலைத் தாழ்த்தினான்.

"இப்ப எடுத்தா மேட விழுந்துடும் அண்ணே. நீங்கதான வெச்சீங்க, ஒங்களுக்கே தெரியும். அடுத்த வாரம் மகளிர் பிரிவு கூட்டம் இருக்கு. அது முடியட்டும்."

மகளிர் பிரிவு முடிந்தது. இளைஞர் பிரிவு வந்தது. பிறகு டத்தோவின் மகளுக்குப் பட்டமளிப்புப் பாராட்டு. குணாளன் மூன்று கடிதம் எழுதினான். மூன்றாவது கடிதத்துக்குப் பின் மேடை அடித்தள உபகுழு ஒன்று அமைக்கப்பட்டது. அது தேநீரோடு மூன்று முறை கூடி ஆராய்ந்ததில், ஸ்டாண்டை எடுத்தால் மேடை விழும், மேடையைப் பழுதுபார்க்க நிதி வேண்டும், நிதி திரட்ட விழா வேண்டும், விழா நடத்த மேடை வேண்டும், ஆகவே ஸ்டாண்டை எடுக்க முடியாது என்று ஒருமனதாகக் கண்டுபிடித்தது. இந்த முடிவின் நகல் குணாளனுக்குப் பதிவுத் தபாலில் வந்தது.

ஜெரார்ட் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து படித்துப் பார்த்தார்.

"விட்டுத் தள்ளு லா. வா, கூலிம் போவம். ரெண்டு ஸ்டாண்டுதான, தொண்ணூறு வெள்ளி. நா பாதி போடறேன்."

"என் சாமான் அங்க இருக்கே அண்ணே. கையெழுத்துப் போட்டு வாங்குனது."

"இருந்தா? அதக் கட்டிக்கிட்டு அழுவியா?"

"வந்துடும்னு சொல்லியிருக்காங்க."

ஏமாந்தவனுக்கும் ஒரு ரோசம் உண்டு. போட்ட காசுக்குப் பொருள் வராமல் அதே பொருளுக்கு இன்னொரு தடவை போட மனம் வராது. குணாளனை முட்டாள் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அவன் கையெழுத்தை நம்பினான், அதுவும் தன் கையெழுத்தை.

ஜூலையில் முன்சக்கரத்து அச்சின் ரப்பர் உறை கிழிந்து, வளைவில் திரும்பும்போதெல்லாம் கடகடவென்று சத்தம் வந்தது. மறுநாள் காலை ஏழு மணி ஷிப்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை விட்டதும் குணாளன் ஜாக்கை உருட்டிக்கொண்டு வந்தான். இடப்பக்கம் தூக்கி, மூலைக்கொரு கல்லைக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினான். சத்தியம் நினைவிருந்தது. ஆகவே அடியில் படுக்கவில்லை. வெளியே தரையில் உட்கார்ந்து, நட்டைத் திருக வாகாக இடது காலை மட்டும் உள்ளே நீட்டி உதைத்துக்கொண்டான்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

வாயால் பதில் வந்ததும் யோகேஸ்வரி கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"காலு எங்க?"

"உள்ள இருக்கு. ஒடம்பு வெளியதான இருக்கு, பாரு. சத்தியத்த மீறல."

"அதயும் எடுங்க."

"அஞ்சே நிமிஷம்."

அவள் அடுப்புக்குத் திரும்பவில்லை, படியில்தான் நின்றிருந்தாள். ஜாக்கின் சின்ன இரும்புச் சக்கரம் சிமெண்டு வெடிப்பில் இறங்கியது. ஜாக் சாய்ந்தது. கல் நொறுங்கியது. சத்தம் பெரிதாக இல்லை. ஜெரார்ட் வேலியைத் தாண்டிக் குதித்து வந்தார். காடியை மறுபடி தூக்குவதற்கு ஆறு பேர் வேண்டியிருந்தது.

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரிக்குப் பேரவை முழுதாக வந்தது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். இங்கே ஓநாய் பழக்கூடையும் கொண்டுவந்திருந்தது. டத்தோ கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, படம் எடுத்து முடியும்வரை குணாளனின் கையைப் பிடித்திருந்தார்.

"வருத்தப்படாதீங்க தம்பி. நம்ம ஜாக்கு தூக்குச்சா, தூக்கலையா?"

"தூக்குச்சு டத்தோ."

"அதான். பேரவ தன் கடமைய செஞ்சிருக்கு. ஒரு கொறையும் வெக்கல. இனி ஒங்களுக்கு வீல்சேர் வாங்கித் தர்றதும் எங்க கடம."

யோகேஸ்வரி பழக்கூடையைத் தரையில் வைத்தாள். "வீல்சேர் அப்புறம் பாக்கலாங்க. எங்க ஸ்டாண்ட எப்பங்க குடுப்பீங்க?"

டத்தோ விக்னேஸ்வரனைப் பார்த்தார். விக்னேஸ்வரன் கோப்பைப் பார்த்தான். எல்லாரும் போன பிறகு அவன் மட்டும் பின்தங்கி, கேமராவை எடுத்தான். வீல்சேர் பொராங்கிலும் எட்டாவது பக்கம் இருந்தது.

"மன்னிச்சுக்குங்க அண்ணே. இல்லைங்கறதுக்குச் சான்று கேப்பாங்க. போர்வய கொஞ்சம் எடுத்துட்டு, கைய நீட்டிக் காட்டுங்க."

குணாளன் கையை நீட்டினான். அவனுக்கு அது பழக்கமாகியிருந்தது. யோகேஸ்வரி இந்த முறை வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. போர்வையை இழுத்து அவனை மூடிவிட்டு, விக்னேஸ்வரன் போகும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

செப்டம்பரில் 'உயர்த்தும் கரங்கள்' வெற்றி விழா. வெற்றிக்குச் சான்றாகக் குணாளனை அழைத்திருந்தார்கள். ஜெரார்ட் தங்கள் மாதா கோயிலில் இரவல் வாங்கித் தந்த வீல்சேரில் போனான். வாசலிலேயே விக்னேஸ்வரன் மறித்து, ஏற்கெனவே வீல்சேர் இருப்பது படத்தில் விழுந்தால் தகுதி போய்விடும் என்று அதை வெளியே நிறுத்தச் செய்தான். குணாளனை இருவர் தூக்கிவந்து முன்வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தார்கள். மேடைக்குப் படி இருந்தது, சரிவு இல்லை. ஆகவே அவனைப் பற்றி மேடையில் பேசுவார்கள், அவன் கீழே இருந்து கையசைப்பான் என்று ஏற்பாடு.

டத்தோ ஏறினார். ஒன்பது பேரும் பதினான்கு பேரும் ஏறினார்கள். மேடை அசையவில்லை.

"இந்தக் குணாளனைப் பாருங்கள்," என்றார் டத்தோ. "ஜாக் இல்லாமல் இருந்தார். ஜாக் கொடுத்தோம். இன்று கால் இல்லாமல் இருக்கிறார். பேரவை விட்டுவிடுமா? ஒருவருக்கு ஒரு குறை தீர்ந்தவுடன் அடுத்த குறையைக் கண்டுபிடித்து உதவுகிற இயக்கம் இந்த வட்டாரத்தில் வேறு எது?"

கைதட்டல் எழுந்தது. குணாளன் சொல்லிக்கொடுத்தபடி கையசைத்தான். பக்கத்து நாற்காலியைப் பார்த்தான். யோகேஸ்வரி இல்லை. ஜெரார்ட் மட்டும் எதிரே பார்த்துக்கொண்டு, அளவுக்கு மீறிய பக்தியோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, யோகா எங்க?"

"காடி பின்னால கெடந்த சாமான எடுத்துக்கிட்டுப் போனாங்க."

"என்ன சாமான்?"

ஜெரார்ட் தாடையால் காட்டினார். மேடையின் பக்கவாட்டில் தொங்கிய பட்டுத் துணிக்கு வெளியே இரண்டு பாதங்கள் தெரிந்தன. வெள்ளிக் கொலுசு. குதிகாலில் வெடிப்பு. இருபது வருடமாக அவனுக்குத் தெரிந்த கால்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் அவள் எதைச் சுமந்துகொண்டு குழம்பு கிளறினாள் என்பது அந்த நொடியில்தான் அவனுக்குத் தெரிந்தது. எழுந்து ஓடப் பார்த்தான், ஓடுவதற்குக் கால் இல்லை. மேலே இருபத்துநான்கு பேர் இருந்தார்கள். ஜாக் தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு இல்லை என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அவன்தான் சொல்லியிருக்கிறான், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே, நூறு தடவை.

அவன் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, டத்தோவின் பேச்சுக்கு நடுவே குரல் கொடுத்தான்.

"இருக்கியா?"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. இடது பாதம் இரண்டு முறை ஆடியது. கொலுசு கேட்டது.

மேடை ஒரு விரற்கடை உயர்ந்தது. டத்தோ அதைத் தன் பேச்சின் பயன் என்று எடுத்துக்கொண்டு குரலை ஏற்றினார். துணிக்கு அடியிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டாண்டு வெளியே தள்ளப்பட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பிறகு யோகேஸ்வரி வெளியே வந்து, தலைமுடியில் ஒட்டடையோடு மண்டியிட்டு, உள்ளே கையை மட்டும் நீட்டி ஜாக்கின் கைப்பிடியைப் பிடித்துத் திருகினாள். அவசரப்படவில்லை. குணாளன் எப்படி இறக்குவானோ அப்படி, மூச்சு விடுவதுபோல மெதுவாக இறக்கினாள்.

மேடையின் முன்பக்கம் ஒரு சாண் இறங்கியது. பிறகு இன்னொரு சாண். பழக்குலை உருண்டது. குத்துவிளக்கு சாய்ந்து அணைந்தது. நாற்காலிகள் ஒவ்வொன்றாக முன்னால் வழுக்கத் தொடங்கின. பதினேழாவது விதி நினைவில் இருந்ததால் ஒருவரும் எழவில்லை. ஒன்பது துணைத்தலைவர்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, டத்தோ இறங்கட்டும் என்று பார்த்திருந்தார்கள். டத்தோ பேச்சு மேசையைக் கட்டிப்பிடித்தபடி, எந்தச் சோதனையிலும் பேரவை தன் நிலையிலிருந்து இறங்காது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

யோகேஸ்வரி ஜாக்கை இழுத்து எடுத்தாள். ஒரு ஸ்டாண்டைக் குணாளனின் மடியில் வைத்தாள். மற்றதை ஜெரார்டிடம் கொடுத்தாள். விக்னேஸ்வரன் குறுக்கே வந்தான்.

"அக்கா, நிகழ்ச்சி நடக்குதுக்கா."

"நடக்கட்டும் தம்பி. எங்க சாமான நாங்க எடுத்துக்கிட்டோம்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, குணாளனின் மடித்துக் குத்திய கால்சட்டையைப் பார்த்துவிட்டு, ஒதுங்கி நின்றான்.

இரண்டு வாரத்தில் பேரவையிலிருந்து கடிதம் வந்தது. மண்டப மேடையின் அடித்தளத்திலிருந்து இரண்டு ஸ்டாண்டுகள் காணாமல் போயிருப்பதாகவும், அவை தங்கள் வீட்டில் இல்லை என்பதற்கான புகைப்படச் சான்றைப் பதினான்கு நாட்களுக்குள் அனுப்பினால் வீல்சேர் விண்ணப்பம் பரிசீலிக்கப்படும் என்றும் எழுதியிருந்தது. குணாளன் அதைப் படித்துவிட்டு, எண்ணெய்க் கோலைத் துடைக்கப் பத்திரப்படுத்தினான்.

அடுத்த ஞாயிறு காடியைத் தூக்கினார்கள். அவன் சொல்லச் சொல்ல யோகேஸ்வரி ஜாக்கை அடித்தாள். ஸ்டாண்டு இரண்டையும் கொடுத்து இறக்கியதும், அவன் கையூன்றிக் காடியைப் பலமாக ஆட்டிப் பார்த்தான். கல்லில் நிற்கும்போது அவன் அப்படி ஆட்டிப் பார்த்ததே இல்லை. ஆட்டினால் விழும் என்று தெரியும். இது அசையவில்லை. அவள் தானும் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு அடுப்புக்குப் போனாள்.

அவன் அட்டைப்பெட்டியை விரித்து, வீல்சேரிலிருந்து இறங்கி, மல்லாந்து உள்ளே நகர்ந்தான். மேலே பழகிய இரும்பு, பழகிய எண்ணெய் வாடை. இருநூற்று அறுபது வெள்ளிச் சாமான், பல மாதம் முன்பே ஒரு கடையில் அவன் கையில் இருந்தது. ஸ்பேனரை எடுத்தான்.

"இருக்கீங்களா?" சமையலறையிலிருந்து குரல் வந்தது.

அவன் எப்போதும்போல இடது காலை இரண்டு முறை ஆட்டினான்.

"இருக்கீங்களா?"

மறுபடியும் ஆட்டினான். நன்றாகவே ஆட்டினான்.

கரண்டி கீழே விழுந்தது. "ஏங்க," என்று அவள் ஓடிவருகிற சத்தம் கேட்டபோதுதான் அவனுக்கு விளங்கியது. வலது காலை ஆட்டினான்.